ஜனவரியில் கிரேக்கத் தீவு: எந்தத் தீவு, எத்தனை இரவு, கப்பல் நின்றுபோனால் என்ன வழி?

பயணப்பை

வணக்கம். 2027 ஜனவரி 12 காலை ஏதென்ஸில் இறங்குகிறோம், 22 இரவு திரும்பும் விமானம். மூன்று பேர். அதில் ஒருவர் 68 வயது அம்மா. நன்றாக நடப்பார், செங்குத்துப் படிதான் ஆகாது. மூவரும் சைவம், முட்டை கிடையாது, பால் தயிர் உண்டு.

இப்போதைய திட்டம்: ஏதென்ஸ் 2 இரவு, சாண்டோரினி 4, நாக்ஸோஸ் 4. 22 காலை நாக்ஸோஸில் கப்பலேறி, மாலை ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம், அங்கிருந்து நேராக விமான நிலையம். கூட்டமில்லாத தீவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. "எல்லாம் பூட்டிக் கிடக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

கடலோடி

முதலில் அந்த 22ஆம் தேதிக் கப்பலை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குளிர்காலத்தில் அங்கே ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: "அபகோரெஃப்டிகோ". காற்று பலத்தால் கப்பல் புறப்படத் தடை. காற்று பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால் (34 முதல் 40 நாட், அதாவது மணிக்கு 62 முதல் 74 கி.மீ.) பெரிய கப்பல்களுக்கே தடை வரலாம். 9 என்றால் அநேகமாக எதுவும் கிளம்பாது. சிறிய கப்பல்களும் கேட்டமரன்களும் (இரட்டை உடல் கொண்ட அதிவேகக் கப்பல்கள்) 6, 7லேயே நின்றுவிடும்.

பலர் குழம்பும் இடம் இது: தடை போடுவது கப்பல் கம்பெனி அல்ல, துறைமுக அதிகாரிகள். அதையும் அந்த நிமிடக் காற்றை வைத்துப் போடுவதில்லை, தேசிய வானிலைச் சேவையின் கடல் அறிக்கையை வைத்துப் போடுகிறார்கள். அதனால் துறைமுகத்தில் வெயிலடித்து இலை அசையாமல் இருக்கும், கப்பல் மட்டும் கட்டிக் கிடக்கும். வழியிலுள்ள திறந்த கடலில் எதிர்பார்க்கப்படும் காற்றுதான் கணக்கு. ஒரு தடை பெரும்பாலும் ஒரு நாளில் தீரும், இரண்டு நாள் நீடிப்பதும் உண்டு.

தடையால் பயணம் ரத்தானால் முழுப் பணம் அல்லது அடுத்த கப்பல், இரண்டில் ஒன்று உங்கள் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு 1177ஆம் எண் ஒழுங்குமுறை அதைச் சொல்கிறது. ஆனால் காரணம் வானிலை என்றால் ஓட்டல் செலவோ நஷ்டஈடோ தர அவர்களுக்குக் கடமை இல்லை. தவறவிட்ட விமானம் முழுக்க உங்கள் கணக்கில்தான்.

எனவே தீவிலிருந்து திரும்பும் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு இரவு ஏதென்ஸில். தீவை முதலில் முடியுங்கள், ஏதென்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை

கடலோடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருடாந்திரப் பராமரிப்புக்கு உலர்துறைக்குப் போகும். அப்போது அதே வழித்தடத்தில் வாரத்துக்குச் சில நடைகள் குறையும், சில சமயம் வேறு கப்பல் வரும். அதிவேகக் கப்பல்கள் நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை பெரும்பாலும் ஓடாது. இணையத்தில் "பிரேயஸ் முதல் சாண்டோரினி 5 மணி நேரம்" என்று படித்தால் அது கோடைக் கணக்கு. குளிர்காலத்தில் சாதாரணக் கப்பலில் சாண்டோரினிக்கு ஏழரை முதல் எட்டு மணி நேரம், நாக்ஸோஸுக்கு ஐந்து முதல் ஐந்தரை, சிரோஸுக்கு நான்குக்குள்.

தீவிலிருந்து தீவுக்குத் தாவும் திட்டம் கோடைக்குச் சரி. ஜனவரியில் ஒவ்வொரு தாவலும் புதிதாக ஒரு தடைக்கு வாய்ப்பு. பத்து நாளில் ஒரு தீவு போதும், ஆசை தீராவிட்டால் இரண்டு.

இனி "பூட்டிக் கிடக்குமா" என்ற கேள்வி. தீவுக்குத் தீவு வேறுபடும். கேட்க வேண்டியது: சுற்றுலாப் பயணி இல்லாதபோது அங்கே யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம், விவசாயம், அரசு அலுவலகம், மருத்துவமனை இருக்கும் ஊரில் விளக்கு எரியும், பேக்கரி திறக்கும், காபிக்கடையில் ஆள் இருக்கும். ஓட்டல் மட்டும் உள்ள கடற்கரையில் நாய்கூட இருக்காது.

அந்தக் கணக்கில் பார்த்தால்:

நாக்ஸோஸ்: சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் (இங்கே சொல்லும் மூன்று தீவும் அதில்தான்) பெரியது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உற்பத்தியாகும் விவசாயத் தீவு. துறைமுக ஊரான கோராவும், ஃபிலோட்டி, அபெய்ராந்தோஸ், ஹல்கி மாதிரி மலை ஊர்களும் குளிர்காலத்தில் உயிரோடு இருக்கும். அகியோஸ் ப்ரோகோபியோஸ், பிளாக்கா கடற்கரைகள் முழுக்க மூடல். அறை கோராவில்தான் எடுக்க வேண்டும்.

சிரோஸ்: இதன் துறைமுக ஊரான எர்மோபோலி தெற்கு ஏஜியன் நிர்வாகப் பகுதியின் தலைநகர். நீதிமன்றம், பொது மருத்துவமனை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் உண்டு. பளிங்குத் தெருக்கள், 1864இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கு. குளிர்காலத்தில் ஊராக இயங்குகிற ஊர் என்றால் இதுதான். இயற்கைக் காட்சி மட்டும் நாக்ஸோஸ் அளவுக்கு இல்லை.

சாண்டோரினி: ஃபிராவில் சில ஓட்டலும் உணவகமும் திறந்திருக்கும். ஓயாவில் மிகக் குறைவு. ஆனால் படத்தில் பார்த்த அமைதி என்று நினைத்துப் போகாதீர்கள். குளிர்காலம் அங்கே கட்டட வேலைக்காலம். நீச்சல் குளம் வற்றியிருக்கும், சாரம் கட்டியிருக்கும், காலை எட்டு மணிக்குப் பாறை உடைக்கும் சத்தம் தொடங்கிவிடும். அக்ரோத்திரி அகழாய்வு இடம் மட்டும் குளிர்காலத்திலும் பார்க்கத்தக்கது.

பயணப்பை

நன்றி. சாண்டோரினியை விட மனம் வரவில்லை. விமானத்தில் போய் வந்தால் தடைப் பிரச்சினை இருக்காதே? 2025 நிலநடுக்கம் பற்றியும் சொல்லுங்கள்.

கடலோடி

விமானம் காற்றுக்கு விலக்கு அல்ல. பெரிய கப்பலை நிறுத்துகிற அதே காற்று, ஓடுபாதைக்குக் குறுக்கே வீசினால் விமானத்தையும் நிறுத்தும். நாக்ஸோஸ், சிரோஸ் இரண்டிலும் ஓடுபாதை குட்டை. சிறிய டர்போப்ராப் விமானங்கள்தான் வரும், அவை அடிக்கடி ரத்தாகும். சாண்டோரினியில் பெரிய விமானம் இறங்கும், குளிர்காலத்திலும் ஏதென்ஸிலிருந்து சேவை உண்டு. கப்பலும் விமானமும் ஒரே நாளில் முடங்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிலநடுக்கம்: 2025 ஜனவரி கடைசியில் தொடங்கி சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவிலுள்ள கடலடியில் தொடர் அதிர்வுகள். பெரியது பிப்ரவரி 10 அன்று 5.3. பள்ளிகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பிறகு அடங்கியது. இன்று போகக்கூடாது என்பதற்கு அது காரணமல்ல. கைபேசியில் 112 அவசரச் செய்தி வந்தால் படிக்காமல் மூடாதீர்கள். கிரேக்கத்தோடு ஆங்கிலத்திலும் வரும். செங்குத்தான கால்டெரா (எரிமலைப் பெரும்பள்ளம்) ஓரத்தில் அறை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவின் படிப் பிரச்சினைக்கும் அதுவே நல்லது.

உப்புக்காற்று

ஒரு மாற்றுக் கருத்து. வயதானவர் கூட இருக்கும்போது, தேதி கறாராக இருக்கும்போது, சைக்லடீஸே வேண்டாம், கிரீட் போங்கள்.

காரணம் மூன்று. ஒன்று, பிரேயஸிலிருந்து ஹெராக்ளியோனுக்கும் ஹானியாவுக்கும் தினமும் இரவுக்கப்பல். இரவு ஒன்பது பத்து மணிக்குக் கிளம்பி விடியலில் சேரும். கப்பல் பெரிது, கேபினில் படுத்துக்கொள்ளலாம். இரண்டு, இரண்டு ஊர்களுக்கும் ஏதென்ஸிலிருந்து நாள்தோறும் பல விமானங்கள், ஐம்பது நிமிடம். ஒன்று ரத்தானால் அடுத்தது. மூன்று, ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்ளியோன் மூன்றும் சுற்றுலாவை நம்பாத நகரங்கள். ஹெராக்ளியோன் தொல்லியல் அருங்காட்சியகமும் ஐந்து கி.மீ. தொலைவிலுள்ள க்னோஸோஸும் கோடையில் வரிசையில் நின்று பார்ப்பவை. ஜனவரியில் நிதானமாகப் பார்க்கலாம். நகரப் பேருந்து 2ஆம் எண் க்னோஸோஸ் போகும்.

சமரியா பள்ளத்தாக்கு மட்டும் கனவு காணாதீர்கள். மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு. மழைக்காலத்தில் அது நடைபாதை இல்லை, ஆற்றுப் படுகை. வெள்ளை மலைகளில் பனி இருக்கும், ஒமாலோஸ் சாலை சில நாள் மூடும். ஹானியா துறைமுகத்தில் நின்று பனிமலையும் கடலும் ஒரே பார்வையில் கிடைப்பது குளிர்காலத்தில் மட்டும்தான்.

மலைப்பாதை

உப்புக்காற்று சொல்வது நியாயம். பாதுகாப்பான தேர்வு கிரீட்தான். ஆனால் கேட்டவர் "தீவு" என்று கேட்கிறார். கிரீட்டில் நிற்கும்போது தீவில் நிற்கிற உணர்வு வராது, அது தனி நாடு மாதிரி. ஊர், துறைமுகம், மலை, கோயில் எல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள் கிடைப்பது நாக்ஸோஸில்.

நாக்ஸோஸில் நாள்களை வானத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத தெளிந்த நாள்: மலை. கனத்த வடகாற்று: ஊருக்குள் காஸ்ட்ரோ கோட்டைச் சந்துகள். 1207இல் தீவைப் பிடித்த வெனிஸ்காரர்கள் கட்டியது, சந்துகள் காற்றைத் தடுக்கும். அங்கே பளிங்குப் படிகள் மழையில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடி போட்ட, பள்ளம் பதிந்த காலணி அவசியம்.

போர்ட்டாரா என்கிற பளிங்கு வாசல் ஒரு குட்டித் தீவுத்திட்டில் இருக்கிறது. முடியாமல் நின்றுபோன கோயிலின் வாசல், கி.மு. 6ஆம் நூற்றாண்டு. ஊரோடு சேர்க்கும் கரைப்பாதையை வடகாற்று நாளில் அலை தாண்டி அடிக்கும். அந்த நாளில் போகவே வேண்டாம். சூரியன் ஐந்தேகால், ஐந்தரைக்குள் மறைந்துவிடும். காலையில் ஏழரைக்குப் பிறகுதான் வரும். பகல் பத்து மணி நேரத்துக்குள்தான் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஹல்கியிலிருந்து மோனி பக்கம், பனகியா த்ரோசியானி என்ற பழைய கல்கோயில் வரை ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு நடை உண்டு. அம்மாவும் வரலாம், ஏற்றம் குறைவு. ஜனவரி கடைசியில் பாதாம் பூக்கத் தொடங்கும், தரையெல்லாம் பச்சை. கோடையில் போனவர்கள் பார்த்த பழுப்புத் தீவு இது இல்லை.

ஸாஸ் மலை (சுமார் 1,000 மீட்டர்) ஏற ஆசைப்பட்டால் அகியா மரினா சிற்றாலயத்திலிருந்து கிளம்புங்கள். ஆரியா ஊற்றுப் பக்கம் குகை வழியாகப் போகும் பாதை செங்குத்து, சரளைக்கல் ஈரத்தில் நழுவும். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் திரும்பிவிடுங்கள். மேலே பாதைக் குறி தெரியாது.

பயணப்பை

நாக்ஸோஸ் மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவும் அதையே சொன்னார்கள். இனி சின்னச் சின்ன விஷயங்கள்: பிரேயஸில் கப்பல் ஏறுவது எப்படி? பேருந்து போதுமா, கார் வேண்டுமா? அறையில் குளிர் எப்படி?

கடலோடி

பிரேயஸ்: துறைமுகம் பெரியது, வாயில் எண்கள் இ1 முதல் இ12 வரை. சைக்லடீஸ் கப்பல் பொதுவாக இ6, இ7 பக்கம். டிக்கெட்டிலும் முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியிலும் உள்ளதே கடைசிச் சொல். டோடகனீஸ் (ரோட்ஸ் பக்கத் தீவுக்கூட்டம்) கப்பல் நிற்கும் இ1க்குத் தவறிப் போய்விட்டால் நடந்து திரும்ப முடியாது, அவ்வளவு தூரம்.

நாக்ஸோஸ் கப்பல் பெரும்பாலும் காலை ஏழரையை ஒட்டிக் கிளம்பும். முந்தின இரவு ஏதென்ஸ் நடுவில் மொனாஸ்டிராக்கி பக்கம் தங்கினால் பச்சை நிற 1ஆம் தட மெட்ரோ, சுமார் 20 நிமிடம், சாதாரண டிக்கெட் 1.20 யூரோ. பிரேயஸ் நிலையத்துக்கு எதிரே சாலைக்கு மேல் நடைபாலம், அதைக் கடந்தால் துறைமுகம். விமான நிலையத்திலிருந்து நேரே வருவதானால் நீலநிற 3ஆம் தடம் 2022 முதல் பிரேயஸ் வரை வருகிறது, ஒரு மணி நேரம், 9 யூரோ. இரவு நேரத்துக்கு எக்ஸ்96 பேருந்து, 24 மணி நேரமும் உண்டு, 5.50 யூரோ. மெட்ரோவில் பணப்பையை முன்பக்கம் வையுங்கள். கதவு மூடும் நொடியில் நெருக்குவார்கள்.

கப்பலில் ஏறுவது பின்பக்கச் சாய்தளம் வழியாக, லாரிகளோடு. சுவரோரம் நடங்கள். கார்தளத்திலேயே பெட்டி வைக்கும் அலமாரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர். நாக்ஸோஸ் என்று எழுதியதில் மட்டும் வையுங்கள். பாஸ்போர்ட், மருந்து, ஒரு ஸ்வெட்டர் மேலே உங்களோடு. மேலே ஏற எஸ்கலேட்டர் உண்டு. அம்மாவுக்கு லிப்ட் எங்கே என்று ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள்.

இறங்கும்போதுதான் தவறு நடக்கும். நாக்ஸோஸுக்கு முன் பரோஸில் நிற்கும். தீவுத் துறைமுகத்தில் கப்பல் நிற்பது சில நிமிடம்தான். அறிவிப்பு வந்ததும் கீழே போய், பெட்டியை எடுத்துக்கொண்டு, சாய்தளம் இறங்கும் வரை காத்திருங்கள். எந்தத் துறைமுகம் என்று ஒரு முறை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

குமட்டலுக்கு: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், முன்னோக்கிய இருக்கை. அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும். அம்மா வேறு மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன்கொத்தி

காற்று பார்க்க: கிரேக்க தேசிய வானிலைச் சேவைப் பக்கம், கடல் ஆய்வு மையத்தின் பொசைடன் வரைபடம். மூன்று நாளுக்கு முன் 8 என்று காட்டினால் சீரியஸாக எடுத்துக்கொண்டு டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றுங்கள். ஐந்து நாளுக்கு மேற்பட்ட கணிப்பை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

நம்பிக்கைக்கு ஒன்று: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, அதிலும் ஜனவரியில், "அல்கியோன் நாள்கள்" என்று அவர்கள் சொல்லும் சில நாள்கள் வரும். உயரழுத்தம் மேலே நிலைத்துக் காற்று ஓய்ந்து, வெயில் இதமாக இருக்கும். மீன்கொத்தியாக மாறிய அல்கியோனி முட்டையிட்டு அடைகாக்கத் தேவர்கள் கடலை அடக்கிக் கொடுத்தார்கள் என்பது பழங்கதை. எந்த வாரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் அன்று அறையில் உட்காராதீர்கள்.

காற்று தவிர வேலைநிறுத்தமும் கப்பலை நிறுத்தும். பெரும்பாலும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை 24 மணி நேரம், சில நாள் முன்பே அறிவிப்பார்கள். கப்பல் டிக்கெட்டில் சரியான கைபேசி எண் கொடுத்திருந்தால் செய்தி வரும். இந்திய எண்ணைக் கொடுத்தால் நாட்டுக் குறியீட்டோடு கொடுங்கள், ரோமிங்கும் திறந்திருக்கட்டும்.

உப்புக்காற்று

கார் பற்றி: பேருந்து நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. குளிர்கால நேரம் பள்ளிப் பிள்ளைகளைச் சுமக்க வகுத்தது. காலையில் மலைக்குப் போய் மதியம் திரும்ப ஓரளவு முடியும், ஞாயிறு மிகக் குறைவு. மலைக்கு இரண்டு நாள் மட்டும் கார் எடுங்கள், எல்லா நாளும் வேண்டாம்.

இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்க வழியில்லை. சில கடைக்காரர்கள் கேட்காமல் சாவி கொடுப்பார்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிப்பது அப்போதுதான். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பக்கம் பெரும்பாலும் காப்பீட்டில் சேராது. மழைக்குப் பிறகு மலைச்சாலையில் கல் உருண்டு கிடக்கும், வளைவில் ஆடு நிற்கும். மாலை நான்கரைக்குள் ஊர் திரும்புங்கள். பெட்ரோல் கோராவிலேயே நிரப்புங்கள். மலைமேல் நம்பியிருக்க வேண்டாம்.

மலைப்பாதை

அறை விஷயம் யாரும் சொல்லவில்லை, பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

வெளியே பகலில் 14, 15 டிகிரி, இரவில் 9, 10. எண்ணைப் பார்த்தால் ஊட்டியை விடப் பரவாயில்லை. ஆனால் தீவு வீடுகள் வெயிலைத் தடுக்கக் கட்டியவை: தடித்த கல்சுவர், பளிங்குத் தரை, சின்ன ஜன்னல். கடல் ஈரம் சுவருக்குள் ஏறினால் உள்ளே வெளியை விடக் குளிரும். கோடை முடிந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த அறையைச் சூடாக்க ஒரு முழு நாள் ஆகும்.

புக் செய்யுமுன் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சூடாக்குவது எது, ஏசியா, எண்ணெய்க் கொதிகலனில் ஓடும் கலோரிஃபேரா? கலோரிஃபேர் என்றால் எந்த மணி முதல் எந்த மணி வரை? பல கட்டடங்களில் மாலை சில மணி நேரம்தான் ஓடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஏசி உண்டா, கூடத்தில் மட்டுமா? கடந்த வாரம் அந்த அறையில் ஆள் தங்கினாரா? நாங்கள் வருமுன் முந்தின நாளே சூடாக்கி வைப்பீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் போங்கள். தரைத்தளம் வேண்டாம், தெற்குப் பார்த்த மேல்தளம் நல்லது. அம்மாவுக்காகப் படி குறைவாக வேண்டும் என்றால் கோட்டைப் பகுதியை விட்டுத் துறைமுகத்தெருவின் பின்வரிசை, அல்லது அகியோஸ் கியோர்கியோஸ் பக்கம்.

ஏசியை 'ஹீட்' முறையில் 22, 23இல் விட்டுவைப்பது போதும். 30 வைத்தால் சீக்கிரம் சூடாகாது, காற்று வறண்டு தொண்டை பிடிக்கும்.

அறை வாடகையோடு "காலநிலைத் தாங்குதிறன் கட்டணம்" என்று ஒன்று தனியாக வரும். அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று. நவம்பர் முதல் மார்ச் வரை கோடையை விடக் குறைவு. ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம், அரசுக் கட்டணம்.

அடுப்படி

சைவத்துக்கு ஜனவரி நல்ல மாதம். கோடை உணவகம் மீனும் இறைச்சியும் வாட்டும். குளிர்காலச் சமையல் பருப்பும் கீரையும்.

கேட்டுச் சாப்பிட: ஹோர்ட்டா (வேகவைத்த காட்டுக்கீரை, ஒலிவ எண்ணெய், எலுமிச்சை), ஃபாசொலாடா (வெள்ளை பீன்ஸ் சூப்), ஃபாக்கேஸ் (பருப்புச் சூப்), ரெவிதியா (கொண்டைக்கடலை), கிகாந்தேஸ் (பெரிய பீன்ஸ், அடுப்பில் வெந்தது), ஃபாவா (மஞ்சள் பருப்பு மசியல், மேலே பச்சை வெங்காயம்). பேக்கரியில் ஸ்பனகோபிட்டா (கீரை அடைத்த பை; முட்டை சேர்த்ததா என்று கேட்டுவிட்டு). நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவல் எங்கும் உண்டு.

கவனிக்க வேண்டியவை: கெமிஸ்டா என்ற அடைத்த தக்காளி, மிளகாயில் கொத்துக்கறி இருக்கலாம். கறி இல்லாததை "ஒர்ஃபனா" என்பார்கள், அநாதை என்று பொருள். திராட்சை இலைச் சுருளில் கறி இல்லாதது "யலன்ட்ஸி". லஹானோடோல்மாதேஸ் என்ற முட்டைகோஸ் சுருளில் பெரும்பாலும் கறி இருக்கும். "அவ்கோலெமோனோ" என்று பெயரில் வந்தால் முட்டை. பீன்ஸ் சூப்பில் சில வீட்டில் தொத்திறைச்சி போடுவார்கள், கேளுங்கள். "ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி, ஹோரிஸ் அவ்கோ" என்றால் கறி, மீன், முட்டை இல்லாமல். நாக்ஸோஸ் கிராவியேரா பாலாடைக்கட்டிக்கு மரபாகக் கன்றின் இரைப்பை நொதி சேர்ப்பது வழக்கம். கறாரான சைவம் என்றால் தயிரோடு நில்லுங்கள்.

"நிஸ்டிசிமோ" என்ற நோன்பு உணவை நம்பி ஏமாற வேண்டாம். அதில் கறி, மீன், முட்டை, பால் கிடையாது, ஆனால் கணவாயும் சிப்பியும் அனுமதி.

சமையலறை உள்ள அறை எடுப்பது புத்திசாலித்தனம். கப்பல் இரண்டு நாள் வராவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் முதலில் தீர்வது பாலும் கீரையும். தடை அறிவிப்பு வரும் மாலையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மூடல். சிறு கடைகள் திங்கள், புதன், சனியில் மதியத்தோடு சரி.

பயணப்பை

அருமை. இரண்டு கேள்வி பாக்கி. விசா தேதி எப்படிக் கேட்பது? இந்தத் தேதி ஒத்துவராமல் மார்ச்சுக்குத் தள்ளினால் என்ன மாறும்?

மீன்கொத்தி

விசா: ஷெங்கன் விசாவில் இரண்டு எண்ணைப் பாருங்கள். "முதல் – வரை" தேதிகளில் பொதுவாக 15 நாள் சலுகை சேர்த்துத் தருவார்கள். ஆனால் "எத்தனை நாள் தங்கலாம்" என்ற எண் தனி. அதில் 11 என்று இருந்தால் சலுகைத் தேதி இருந்தும் 12ஆம் நாள் தங்க முடியாது. ஆகவே விண்ணப்பத்திலேயே இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் காட்டி, ரத்து செய்யக்கூடிய ஓட்டல் முன்பதிவையும் அந்த நாள்களுக்குச் சேர்த்து வையுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அதன் தேதிகளும் கூடுதல் நாள்களை மூடட்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

மார்ச்: 2027இல் கிரேக்க ஈஸ்டர் மே 2, சுத்தத் திங்கள் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கும் நாள்) மார்ச் 15. அதற்கு முந்தைய மூன்று வாரம் அப்போக்ரியெஸ் திருவிழாக் காலம். நாக்ஸோஸின் அபெய்ராந்தோஸில் மணி கட்டிய வேடக்காரர்கள் தெருவில் வருவார்கள். ஸ்கைரோஸ் தீவில் "கெரோஸ்" வேடம், ஆட்டு மணிகள் ஐம்பது கிலோ வரை இடுப்பில் கட்டி ஆடுவது. அதற்குக் கப்பல் பிரேயஸிலிருந்து அல்ல, எவியாவின் கிமி துறைமுகத்திலிருந்து. அந்த வார இறுதிகளில் ஏதென்ஸ்காரர்களே கிளம்புவதால் கப்பலும் அறையும் நிறையும். பகல் நீளும். கடல் மட்டும் ஜனவரியை விடச் சூடாகாது.

பயணப்பை

ஜனவரியே. புதுத் திட்டம்: 12 செவ்வாய் ஏதென்ஸ் ஓர் இரவு. 13 புதன் காலைக் கப்பல், நாக்ஸோஸ் 6 இரவு. 19 செவ்வாய் திரும்பி ஏதென்ஸ் 3 இரவு. 22 விமானம். 19இல் தடை என்றாலும் 20, 21 கையில் இருக்கிறது. தடை வராவிட்டால் அந்த இரண்டு நாளில் ஒன்றை ஏதாவது கிட்டத்துத் தீவுக்குத் தரலாமா?

கடலோடி

தரலாம், ஏகினா. சரோனிக் வளைகுடாவுக்குள் இருப்பதால் திறந்த ஏஜியன் அளவுக்குத் தடை வராது. பிரேயஸ் இ8 வாயில், சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், ஹைட்ரோஃபாயிலில் (நீருக்கு மேலெழும்பி ஓடும் அதிவேகப் படகு) 40 நிமிடம். காற்று நாளில் சாதாரணக் கப்பலே மேல். ஹைட்ரோஃபாயில் முதலில் ரத்தாகும்.

அஃபாயா கோயில் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம், தீவின் கிழக்கில். ஏகினாவிலுள்ள அகியா மரினா ஊருக்குப் போகும் பேருந்து அந்த வழியாகப் போகும், குளிர்காலத்தில் நடை குறைவு. கப்பலிலிருந்து இறங்கியதும் எதிரேயுள்ள நிறுத்தத்தில் திரும்பி வரும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் டாக்சியில் போகவரப் பேசிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தொல்லியல் இடங்கள் பல மூன்று மூன்றரைக்கே மூடிவிடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. எனவே காலை முதல் கப்பல். பிஸ்தாவைத் துறைமுகக் கூட்டுறவுக் கடையில் வாங்குங்கள், உப்பில்லாததும் கிடைக்கும்.

பயணப்பை

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: அறையின் குளியலறையில் கீசரைக் காணோம், சூரிய வெந்நீர் என்று உரிமையாளர் எழுதியிருக்கிறார். மேகமூட்டமான நாளில்?

மலைப்பாதை

மாடியில் தொட்டியும் தகடும் இருக்கும், "இலியகோஸ்" என்பார்கள். அதே தொட்டிக்குள் கரண்ட் சுருளும் உண்டு. சுவிட்ச் குளியலறையில் இருக்காது, நுழைவாசல் பக்கம் மெயின் போர்டில் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு விளக்கோடு. வெயில் இல்லாத நாள் குளிக்க அரைமணி நேரம் முன்பு போடுங்கள், மூன்று பேர் என்றால் ஒரு மணி நேரம். குளிக்கத் தொடங்குமுன் அணைத்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், அதையே கடைப்பிடியுங்கள். அம்மாவை முதலில் குளிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும்.